இடது உணர்கொம்பு ஒடிந்துள்ளது

மே 26

வால் உடம்பைவிட நீளமாக இருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

வீட்டுக்குப் பின்னால் இச்சி மரத்தடியில், நனைத்த பீடி இலையை நீர் வடிய விரித்துக்கொண்டிருந்தேன். தாழ்ந்த கிளையில் பட்டாணி அளவுக்கு ஒரு காய். அதன்மேல் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு பூச்சி நின்றது. பின்னால் தலைமயிர் போல ஒரு வால். அது வயிற்றை மேலே தூக்கி, அந்த வாலைத் தையல் மிஷின் ஊசி மாதிரி நேராகக் காய்க்குள் இறக்கியது. எடுத்தது. கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி இறக்கியது. இலை காய்ந்துபோகும் என்று அம்மா சத்தம் போடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆவுடை அக்கா இப்படிப்பட்ட பூச்சிகளைத்தான் படிக்கிறாள். ஆல், அத்தி, இச்சிக் காய்களுக்குள் இருக்கும் பூச்சிகள். வெளியூரில் ஆறாவது வருஷமாக ஆராய்ச்சி. போனில் சொன்னேன். வழக்கமாக "அப்பா சாப்ட்டாகளா, அம்மாட்ட குடு" என்பதோடு என் பங்கு முடிந்துவிடும். இன்று கேள்விமேல் கேள்வி. என்ன நிறம், வால் எவ்வளவு நீளம், காய்க்கு உள்ளே போனதா, வெளியே நின்றே குத்தியதா.

"வெளிய நின்னே குத்துச்சு."

"நல்லாப் பாத்தியாட்டி?"

"பாத்தேன்."

"அந்தக் கெளைய யாரும் தொடக்கூடாது. நான் வாரேன்."

அக்கா வருகிறாள். பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரத்தில் வருகிறாள். போன வருஷம் அப்பா லாரியில் லோடு ஏற்றும்போது விழுந்து இடுப்பு முறிந்தது. அம்மா ஒருத்தியால் பீடியும் சுற்றி அவரையும் பார்க்க முடியவில்லை. பத்தாவது முடித்திருந்த என்னிடம் அக்கா சொன்னாள்: "ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்கோ முப்பி. அடுத்த வருஷம் நானே வந்து ஒன்னப் பதினொண்ணுல சேத்து விடுதேன்." நான் மறக்கவில்லை. அவளும் மறந்திருக்கமாட்டாள்.

ஜூன் 2

வந்துவிட்டாள். துணிப்பையைவிட மைக்ராஸ்கோப் பெட்டி பெரியது. பெட்டியை மடியில் வைத்தே பஸ்ஸில் வந்தாளாம்.

முதலில் மரத்தைப் பார்த்தாள். பிறகுதான் அப்பாவை.

மைக்ராஸ்கோப்பை வைக்க மேசை வேண்டும் என்றாள். வீட்டில் இருப்பது ஒரே மேசை. அதில் என் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் இருந்தன. நான் தண்ணீர் எடுக்கப் போய் வருவதற்குள் அவை சாக்கில் போய் பரண்மேல் இருந்தன.

"தூசி படக்கூடாதுன்னுதான் மேல வச்சேன்," என்றாள் அக்கா.

ஒரு வருஷமாக நான் தினமும் துடைத்து வைத்த புத்தகங்கள். அவற்றில் ஏது தூசி?

ஜூன் 5

முதன்முதலாக மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். என் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. அக்கா என் தலையைப் பிடித்துச் சரியான உயரத்துக்கு நகர்த்தினாள்.

வெறுங்கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தது கறுப்பே இல்லை. பொன்வண்டுப் பச்சை. கண் மாதுளை விதை நிறத்தில் இருந்தது. நெற்றியிலிருந்து இரண்டு உணர்கொம்புகள், முழங்கை மடக்கியது மாதிரி, துண்டு துண்டாகக் கோத்தவை. ஒவ்வொரு துண்டிலும் மயிர். இறக்கையில் நரம்பு ஒன்றே ஒன்று, அதுவும் பாதி வழியில் நின்றுவிடுகிறது. இறக்கையின் ஓரம் முழுக்க மயிர் விளிம்பு. வால் ஒரு வால் அல்ல, மூன்று. இரண்டு பக்கமும் உறை, நடுவில் ஊசி. முட்டை அந்த ஊசி வழியாகத்தான் இறங்கிப் போகிறதாம். நம்ப முடியவில்லை.

"மார்போட பக்கவாட்டுல பாரு. வரிசையா மயிர் தெரியுதா?"

"தெரியுது."

"இந்த வகையில இதுவரைக்கும் எழுதுன எந்தப் பூச்சிக்கும் அங்கன மயிர் கெடையாது. வழவழன்னு இருக்கும். இது எந்தப் புஸ்தகத்துலயும் இல்லட்டி. புதுசு."

சொல்லிவிட்டு மறுபடி லென்ஸில் கண்ணை வைத்தாள். அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டிருக்கவேண்டும். அதையும் செய்யவில்லை.

ஜூன் 9

அக்காவின் விரல்கள் நடுங்குகின்றன. தடித்த வெள்ளை அட்டையைச் சிறு முக்கோணமாக வெட்டி, அதன் நுனியில் ஒரு புள்ளி பசை வைத்து, பூச்சியை அதில் பக்கவாட்டில் ஒட்டவேண்டும். அவள் ஒட்டினால் பசை இறக்கைமேல் ஏறிவிடுகிறது. பீடி வாயை மடக்கி மடக்கி என் விரல் நிதானப்பட்டிருக்கிறது. எனவே அந்த வேலை எனக்கு வந்தது. காலையில் அப்பாவைக் குளிப்பாட்டுவது, பீடி, சமையலில் பாதி, இப்போது இது.

இன்று ஒரு காயைப் பிளந்தாள். உள்ளே மஞ்சளாக, இறக்கையே இல்லாத ஒன்று ஊர்ந்தது. கண் இருக்கிறதா என்று தேடவேண்டியிருந்தது. தாடை மட்டும் தலையில் பாதி.

"இதுதான் ஆண்," என்றாள் அக்கா. "காய்க்குள்ளயே பொறக்கும். தாடையால செவரத் தொளச்சு வழி பண்ணும். பொண்ணுங்க அந்த வழியா வெளிய பறந்து போயிரும். இது உள்ளயே கெடந்து செத்துரும்."

கட்டிலில் படுத்திருந்த அப்பா சிரித்தார். "அப்ப நம்ம வீட்ல அது நான்தாம்ட்டி. எங்க வெளிய போவ?"

அம்மா, "ஒங்களுக்குத் தாடை மட்டும் நல்லா வேலை செய்யுது," என்றாள். அக்காவும் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 12

பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். புதுப் பை, இரட்டைச் சடை, எல்லோரும் தெரு வழியாகத்தான் போகிறார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு பீடி சுற்றினேன். இன்று சுற்றியதில் பாதி கழிவு. அம்மா திட்டினாள். திட்டட்டும்.

ஜூன் 17

இரண்டு நாளாக மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை இன்று சொன்னேன். "அக்கா, பதினொண்ணுல சேக்கணும்லா." அவ்வளவுதான் வாக்கியம். இதற்கு இரண்டு நாள். என்னை நினைத்தால் எனக்கே எரிச்சலாக வருகிறது.

அக்கா லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சேக்கணும்ட்டி. நான் மறக்கல. இந்தப் பேப்பர் மட்டும் போவட்டும்."

"எப்பப் போவும்?"

"கேரளாவுல ஒருத்தர் இச்சிப் பூச்சிதான் பாக்காரு. அவரு கையில இது கெடச்சு முந்தி எழுதிட்டாருன்னா பூச்சி அவருது. முந்தி அச்சுல வந்த பேருதான் நிக்கும், பெறவு மாத்தவே முடியாது. எனக்கு ஆறு வருஷம்டி. கையில ஒண்ணும் இல்ல. இத விட்டா எங்க கைடு சாரு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அவள் சொல்வது பொய் இல்லை. கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருக்கிறது. சோற்றில் கை வைத்தபடி யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளைப் பார்த்து எல்லோருக்கும் பாவமாக இருக்கிறது. அதுதான் எனக்குக் கோபம்.

"அட்மிஷன் அடுத்த வெள்ளிக்கிழமையோட முடியுதாம்," என்றேன்.

"அப்ப அந்த வெள்ளிக்கிழமையே போவோம். நானும் வாரேன். சரியா?"

சரி.

ஜூன் 25

நீலச் சுடிதாரைத் துவைத்துக் காயப்போட்டு, தலையணைக்கு அடியில் மடித்து வைத்தேன். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில். அக்கா பார்த்தாள். "நாளைக்குத்தான," என்றாள்.

ஜூன் 26

வெள்ளிக்கிழமை.

வெள்ளன எழுந்து அப்பாவைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, தலை பின்னி, சுடிதார் போட்டு நின்றேன். அக்கா மரத்தடியிலிருந்து கத்தினாள்.

"முப்பி! பாட்டில எடுத்துட்டு ஓடியா! வெடிச்சிருச்சு!"

காய்க்கொத்துகளுக்கு அவள் கட்டியிருந்த வலைப்பைகள் எல்லாவற்றிலும் பூச்சி. ஒரே காலையில் எல்லாக் காயிலும் ஓட்டை விழுந்து பச்சைப் பச்சையாக வெளியே வந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரம் விட்டால் வலைக் கண்ணிலேயே நுழைந்து போய்விடும். அல்லது எறும்பு தின்றுவிடும். அவள் பையைப் பிடிக்க, நான் தூரிகை நுனியால் தொட்டு எடுத்து ஸ்பிரிட்டில் விட்டேன். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. வெயில் ஏறியது. நீலச் சுடிதாரில் இச்சிப் பால் பட்டுப் பிசுபிசுத்தது.

"அக்கா, பள்ளிக்கூடம்."

"இன்னும் ரெண்டு பைதான்."

"அக்கா."

"சாயங்காலம் வரைக்கும் ஆபீஸ் இருக்கும்டி, போவோம்!"

போனபோது ஆபீஸ் இருந்தது, ஆள் இல்லை. வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயா, "இன்னிக்கு மத்தியானத்தோட முடிஞ்சிட்டுல்லா," என்றார்கள். அக்கா என் தோளைத் தொட்டாள். தட்டிவிட்டேன். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தேன்.

வீட்டில் அம்மா கேட்டாள், "என்னாச்சு?" அக்கா சொன்னாள். அம்மா புகையிலையைச் சலித்தபடியே, "சரி, அடுத்த வருஷம் பாப்போம். ஓடியா போவுது பள்ளிக்கூடம்?" என்றாள்.

ஓடித்தான் போகிறது.

ஜூன் 27

இன்று யாரிடமும் பேசவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை. நான் எப்போதும் பேசாதவள்தானே.

ஜூலை 3

பேசாமல் இருந்தாலும் வேலை வந்துகொண்டிருக்கிறது. இப்போது அக்கா லென்ஸில் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதவேண்டும். கண்ணை எடுத்து எழுதினால் அவளுக்கு இடம் தவறிவிடுகிறதாம்.

புதிய இனம் என்று எழுத, இருப்பதிலேயே நல்ல ஒரு பூச்சியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு மட்டும் சிவப்புச் சீட்டு. அக்கா அதை 'டைப்' என்கிறாள். நாளைக்கு உலகத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அந்த ஒன்றைத்தான் திறந்து பார்ப்பார்கள். பேர் அந்த ஒன்றோடுதான் ஒட்டியிருக்கும். அதை நேற்று நான்தான் ஒட்டினேன். மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டினேன். ஒரு மயிர் கலையவில்லை. கோபத்தில் இருந்தாலும் கை கோபப்படவில்லை, அது ஏனென்று தெரியவில்லை.

இன்று அக்கா அதைத் திருப்பிவைக்கும்போது அவளுடைய சாரிடமிருந்து போன். பதறி எழுந்தாள். முழங்கை பட்டது.

இடது உணர்கொம்பு மூன்றாம் துண்டுக்கு மேல் போய்விட்டது. தரையில் தேடினோம். கிடைக்குமா அது? அக்கா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். பிறகு முகம் கழுவி வந்து உட்கார்ந்து, "எழுது," என்றாள். "இடது உணர்கொம்பு மூன்றாம் துண்டுக்கு மேல் ஒடிந்துள்ளது."

"அத எதுக்கு எழுதணும்? வலது இருக்குல்லா. ரெண்டும் ஒண்ணுபோலதான இருக்கும்?"

"ஒடிஞ்சத ஒடிஞ்சதுன்னுதான் எழுதணும் முப்பி. நல்லா இருக்குன்னு எழுதி வச்சா, நாளைக்குப் பெட்டியத் திறந்து பாக்கவன் மத்ததையும் நம்பமாட்டான். ஒரு மயிரு போயிருந்தாலும் எழுதணும். பாத்தது பாத்தபடி. அதுதான் இந்தச் சோலி."

எழுதினேன்.

ஜூலை 9

தலை, உயரத்தைவிட அகலம் அதிகம். முகத்தின் நடுவில் சிறு பள்ளம். தாடையில் இரண்டு பல். மார்பின் மேல்தளம் வலை போட்டது மாதிரி. பின்கால் தொடை தடித்தது. வயிறு பக்கவாட்டில் நசுங்கியது. ஊசி, உடம்பைப்போல ஒன்றரை மடங்கு.

இதையெல்லாம் எழுதிவிட்டு எழுந்தால் அம்மா பீடித் தட்டை என் பக்கம் தள்ளினாள். கத்தரி, நூல், புகையிலை, இலை எல்லாம் அதில் அப்படியே இருந்தன.

"அவ ஒரு கை சுத்தக்கூடாதா?" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

அம்மா நிமிர்ந்தாள். "யாரு, ஆவுடையா? படிக்கிற பிள்ளையப் பாத்து..."

"நானும் படிக்கிற பிள்ளையாத்தான் இருந்தேன்."

"வாயப் பாரு மூதிக்கு! எங்கப்பா என்ன அஞ்சாங்கிளாஸ்ல நிப்பாட்டுனாரு. நான் இப்படி வாய் பேசுனேனா?"

பேசியிருக்கவேண்டும். அதைச் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருகிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பீடி சுற்றத் தெரியும். பன்னிரண்டாவது வரை என்னைவிட வேகமாகச் சுற்றினவள்தான்.

ஜூலை 15

மத்தியானம் அக்கா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. இந்த வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"முப்பி, கைய கழுவிட்டு வா. எம்மா, நீயும் வா. அப்பா, கேளுங்க. பூச்சிக்குப் பேரு வச்சாச்சு."

எல்லா இனத்துக்கும் இரண்டு பேர். முதல் பேர் அந்த வகைப் பூச்சிகளுக்கெல்லாம் பொது, ஏற்கெனவே இருப்பது. இரண்டாவதை எழுதுகிறவர் வைக்கலாம். அந்த இரண்டாவது பேரைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். கடைசியில் லத்தீனுக்காக ஏதோ இரண்டு எழுத்து சேர்த்திருந்தாள். ஆனால் முன்னால் இருந்தது என் பேர். முப்பிடாதி.

பள்ளியில் வருகைப்பதிவு எடுக்கும்போது என் பேர் வந்தாலே பின்பெஞ்சு சிரிக்கும். அதனால் 'உள்ளேன் அம்மா'வைத் தொண்டைக்குள்ளேயே சொல்லி முடிப்பேன். அந்தப் பேர்.

அப்பா, "எம்மா! எம்பிள்ளை பேரு பூச்சிக்கா!" என்று கட்டிலில் தட்டினார். அம்மா திரையை முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம்.

கீழே, இந்தப் பேர் ஏன் வைக்கப்பட்டது என்று இரண்டு வரி. பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் எனக்கு இருக்கிறது. மெதுவாகப் படித்தேன். என் தங்கை. தந்தையைக் கவனிக்க. மகிழ்ச்சியோடு. படிப்பை விட்டு. ஒரு சொல் மட்டும் தெரியவில்லை. விரலை வைத்துக் காட்டினேன்.

"இதுக்கு என்னக்கா அர்த்தம்?"

"அதுவா? தானா விரும்பி, ஒன் சொந்த இஷ்டத்துல, அப்படின்னு அர்த்தம்."

"யாரு இஷ்டத்துல?"

அவள் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "நீதானட்டி சரின்னு சொன்ன. அன்னிக்கு நான் கேட்டப்ப தலையாட்டுனல்லா."

"எல்லாரும் சுத்தி நின்னு கேட்டிய. அப்பா ஆஸ்பத்திரில கெடந்தாவ. நான் வேற என்ன செய்ய? தலைய ஆட்டுனா இஷ்டமா?"

"முப்பி, கத்தாத..."

நான் கத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"ஒரு பூச்சிக்குக் கொம்பு ஒடிஞ்சா எழுதுத. யாருமே பாக்காத கொம்பு. ஒரு மயிரு போனாலும் எழுதணும்ன. பாத்தது பாத்தபடின்ன. என்னைய ஒடிச்சத மட்டும் ஏன் நல்லா இருக்குன்னு எழுதுத?"

அம்மா, "ஏளா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

"பேரு வச்சா சந்தோஷப்படுவன்னு நெனச்சேன்டி," என்றாள் அக்கா. அழுதாள்.

"பேரு பூச்சிக்கு. எனக்கு என்ன?"

அவள் அழுதது எனக்குப் பாவமாக இல்லை. இதையும் பார்த்தபடிதான் எழுதுகிறேன்.

ஜூலை 16

அக்கா அந்த வரியை எப்படி எழுதட்டும் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். "வீட்டுக் கதையெல்லாம் பேப்பர்ல போடமுடியாதுட்டி," என்றாள். "அப்ப எம்பேர எடுத்துரு," என்றேன்.

ஜூலை 17

தனியாகப் பஸ் ஏறினேன். கடைக்கு இலை வாங்கப் போவதாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்றே சொன்னேன். அம்மா நம்பவில்லை போல, தடுக்கவில்லை.

தலைமையாசிரியை அறை வாசலில் வெகுநேரம் நின்றேன். உள்ளே போனவர்கள், வந்தவர்கள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். இரண்டு தடவை திரும்பிவிடலாம் என்று கேட்வரை நடந்தேன். இரண்டாவது தடவை கேட்டில் நின்றபோது, அக்கா ஆறு வருஷமாக இப்படி எத்தனை வாசலில் நின்றிருப்பாள் என்று தோன்றியது. அதற்கும் கோபம் வந்தது. அவளைப் பற்றி யோசிக்கவா வந்தேன்? உள்ளே போய்விட்டேன்.

"என்னம்மா?"

"பதினொண்ணுல சேரணும் டீச்சர்."

"இப்பவா? ஜூலை பாதி போயிருச்சே. சத்தமாப் பேசு. பேரு?"

"முப்பிடாதி."

உறையை வாங்கிப் பார்த்தார்கள். மார்க்கைப் பார்த்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்கள். "இவ்வளவு எடுத்துட்டு ஒரு வருஷம் வீட்டுல இருந்து என்ன பண்ண?"

"பீடி சுத்துனேன். அப்பாவப் பாத்தேன். பெறவு..." பூச்சியைச் சொல்லவில்லை. "அவ்வளவுதான்."

"நீயா நின்னியா?"

"இல்ல டீச்சர். வீட்டுல நிப்பாட்டிட்டாங்க."

அதைச் சொல்ல இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அவர்கள் மேசைமேல் இருந்த பதிவேட்டைப் புரட்டினார்கள். உயிரியல் பிரிவில் ஒரு பிள்ளை வேறு ஊருக்குப் போய்விட்டதாம், அந்த இடம் இருக்கிறதாம். மேலிடத்தில் கேட்டுச் சேர்த்துக்கொள்கிறேன் என்றார்கள். "ஆனா அப்பாவோ அம்மாவோ வந்து கையெழுத்துப் போடணும். திங்கக்கிழமை கூட்டிட்டு வா. அதுக்கு மேல என்னால வச்சிருக்க முடியாது."

ஜூலை 19

அம்மா வரமாட்டாளாம். "நான் கையெழுத்துப் போட்டுட்டு வந்தா, திங்கக்கிழமையிலேர்ந்து இந்த வீட்டு அடுப்புல என்னத்த வைக்க? எனக்குக் கண்ணு மங்கிட்டு வருது. நூலு தெரியல. நீ போயிட்டா யாரு சுத்துவா?"

அவள் சொல்வதும் பொய் இல்லை. இந்த வீட்டில் யாருமே பொய் சொல்வதில்லை. எல்லோருடைய நிஜமும் சேர்ந்து என் தலையில்தான் வந்து உட்காருகிறது.

அக்கா, "பேப்பரு இந்த வாரம் போயிரும்மா. பெறவு நான் பாத்துக்கிடுதேன்," என்றாள். எதைப் பார்த்துக்கொள்வாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கட்டிலிலிருந்து அப்பா குரல் வந்தது.

"காஜாவ வரச்சொல்லு."

"எதுக்கு?" என்றாள் அம்மா. காஜா அண்ணன் எதிர்வீட்டு ஆட்டோக்காரர்.

"என்னையத் தூக்கி ஆட்டோவுல வைக்க. ஒடிஞ்சது இடுப்புதான? கையெழுத்துப் போட கை இருக்குல்லா."

"டாக்டர் என்ன சொன்னாரு? குலுங்கக்கூடாதுன்னு..."

"ஒரு வருஷமா இந்தப் பிள்ளை என்னையக் குளிப்பாட்டுது வேலம்மா. வயசுக்கு வந்த பிள்ளை. ஒரு நாளு மொகத்தச் சுளிக்கல. நான் செவரப் பாத்துட்டுப் படுத்துக் கெடந்தேன். வெக்கத்துல வாயத் தொறக்கல. இனியும் தொறக்கலன்னா நான் மனுசனா? குலுங்குனா குலுங்கட்டும் போ."

அம்மா புகையிலையை இவ்வளவு நேரம் சலித்ததே இல்லை.

ஜூலை 20

அப்பாவைக் குளிப்பாட்டி வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். பொத்தான் போட முடியாமல் தொப்பை வைத்துவிட்டது. "படுத்தே வளத்ததுட்டி, பத்திரமா பூட்டு," என்றார். காஜா அண்ணனும் அவர் மச்சானும் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்தார்கள். வலியில் பல்லைக் கடித்தவர் என்னைப் பார்த்ததும், "சீட்டு நல்லா மெத்துமெத்துன்னு இருக்கு," என்றார்.

உறையை எடுக்க உள்ளே வந்தேன். அக்கா மேசையருகே உட்கார்ந்திருந்தாள். லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். அந்த இரண்டு வரி இப்போது ஒரு வரியாக இருந்தது. நின்றபடியே படித்தேன். முப்பிடாதி என்ற என் தங்கையின் பேர் இது. இந்தப் பூச்சியை முதலில் பார்த்தவள் அவள். அவ்வளவுதான். மகிழ்ச்சியும் இல்லை, விருப்பமும் இல்லை.

"இது சரியா இருக்கா?" என்றாள். குரல் சின்னதாக இருந்தது. எனக்குத்தான் அப்படிக் குரல் வரும்.

சரியாகத்தான் இருந்தது. பார்த்தது பார்த்தபடி. தலையாட்டவில்லை. "சரி" என்று வாயால் சொன்னேன்.

வாசல்பக்கம் அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "எல்லாரும் ஆட்டோவுல ஏறிப் போங்க. பள்ளிக்கூடம் போங்க, பேப்பரு போடுங்க. இந்தத் தட்ட யாரு பாப்பா? அதச் சொல்லிட்டுப் போங்க."

ஆட்டோ ஹாரன் அடித்தது.

பீடித் தட்டைத் தரையிலிருந்து எடுத்தேன். இலை, புகையிலை, நூல் எல்லாம் இருந்தன. கத்தரியைக் காணவில்லை, தேடி எடுத்து மேலே வைத்தேன். மேசைக்குப் போய் அக்காவின் மடியில் வைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு போய் அப்பா பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.